‘ஏன்’ என்று கேட்டுக் கெட்ட வினாத்தாள்: திருகோணமலையில் ஒரு சாட்சியக் கோப்பு

முதல் வினாத்தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம், ஒன்பது கேள்வி. மூன்றாவது கேள்வி: ‘நீங்கள் ஏன் முப்படைகளில் சேர விண்ணப்பிக்கவில்லை?’ பதில் எழுத இரண்டு கோடு போட்டிருந்தோம். உப்புவெளி, லிங்கநகர், மூதூர், கிண்ணியா என்று அலைந்து நிரப்பிக்கொண்டு வந்த தாள்களை மேசையில் பரப்பினால், அந்த இரண்டு கோட்டிலும் ஏறத்தாழ ஒரே பதில்தான். ‘எங்களுக்கு அது சரிவராது.’ சிலர் ‘சரிவராது அண்ணா’ என்று எழுதியிருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வேலை எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2024 தொடக்கத்தில், பாராளுமன்ற மேற்பார்வைக் குழு ஒன்றில் இருந்த உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். படைகளுக்கு ஆள் சேர்வது பற்றியும், சேர்ந்தவர் நிலைத்து நிற்காதது பற்றியும் குழுவில் எழுப்ப விரும்புகிறார், திருகோணமலையிலிருந்து எழுத்துமூலச் சாட்சியம் திரட்டித் தர முடியுமா என்றார்கள். நாங்கள் மூன்று பேர். நான் சட்ட உதவி வேலையில் இருப்பவன். இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களுக்கு எப்போதும் டீச்சர்தான். மூன்றாமவர் கிண்ணியாக்காரர், மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு, ஊருக்கே நானா.

ஆளைக் குறைக்கிற காலத்தில் ஆட்சேர்ப்பைப் பற்றி என்ன விசாரணை என்று டீச்சர் முதல் நாளே கேட்டார். நியாயமான கேள்விதான். தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 200,783 என்றும், அதை 2024க்குள் 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் இறக்கப்போவதாகவும் 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருந்தது. ஆனால் ஒரு படை சுருங்கும்போது எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதோடு கணக்கு முடிவதில்லை. தேர்ச்சி பெற்றவன் போய்விட்டு, போக இடமில்லாதவன் மிஞ்சினால் அது வேறு படை. புதிதாக எடுக்கும் கொஞ்சப் பேரும் பழைய ஊர்களிலிருந்தே வந்தால் அது பழைய படை. குழு கேட்க வேண்டியது இதைத்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

திருகோணமலையில் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. கிழக்குக் கடற்படைக் கட்டளையகம் இங்கே. டொக்யார்ட் இங்கே. கடற்படையின் பயிற்சிக் கல்லூரி இங்கே. சீனக்குடாவில் விமானப்படை. பிரட்ரிக் கோட்டைக்குள் தரைப்படை. கோணேசர் கோயிலுக்குப் பூத்தட்டோடு போகிறவரும் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் படுத்திருக்கும் மரநிழல் வழியாகத்தான் ஏற வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 379,541 பேர். முஸ்லிம்களையும் தமிழரையும் சேர்த்தால் பத்தில் ஏழு பேர். அதாவது பத்தில் ஏழு பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வாசலில் நிற்கும் சீருடைக்காரரில் எத்தனை பேர் தமிழ் பேசுவார்கள் என்று ஊரில் யாரையும் எண்ணிப் பார்க்கச் சொல்லத் தேவையில்லை.

கோடு போட்ட தாள்

வினாத்தாள் தோற்றுப்போன பிறகு நானாதான் வழி சொன்னார். அவர் ஒரு காலத்தில் விபத்து நட்டஈட்டுக் கோரிக்கைகளுக்கு ஆட்களிடம் வாக்குமூலம் எடுத்தவர். “ஏன் எண்டு கேட்டா மனிசன் வக்கீலாயிடுவான். என்ன நடந்த எண்டு கேளுங்க, சாட்சியா இருப்பான்” என்றார். ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் நெடுக்காகக் கோடு கிழித்தோம். இடப்பக்கம் மாதம், வலப்பக்கம் நடந்தது. கேள்விகளும் மாறின. படை விளம்பரம் ஒன்றைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்? எந்த மொழியில் இருந்தது? அப்புறம் என்ன செய்தீர்கள்? அதற்கு அப்புறம்?

உப்புவெளித் தம்பி ஒருவரிடம் இரண்டாம் முறை போனோம். (ஆட்களின் அடையாளங்களை இங்கே கலைத்துத்தான் எழுதுகிறேன், இங்கே வருகிறவர்கள் எழுதச் சம்மதித்தவர்கள்.) முதல் தாளில் ‘சரிவராது’ என்று எழுதியவர் இவர். கோடு போட்ட தாளில் அவர் சொன்னதை எழுதிக்கொண்டே போனால், விளம்பரத்தை நண்பன் போனில் அனுப்பியிருக்கிறான். சாதாரண தரப் பெறுபேற்றைப் போட்டோக்கொப்பி எடுத்திருக்கிறார். கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் வாங்கியிருக்கிறார். பதிவுத் தபாலில் போட்ட ரசீதுகூட இருக்கிறது. எனக்குப் பேனா நின்றுவிட்டது. விண்ணப்பிக்கவில்லை என்று எழுதித் தந்த பையன் விண்ணப்பித்திருக்கிறான்!

நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். சந்தியில் கடை வைத்திருக்கும் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். “இன்டர்வியூதான் தம்பி, வாற மாசம்” என்று அவர் வாசித்துத் திகதியும் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் கடிதத்தில் இரண்டு திகதி இருந்தது. முதலாவது மூலப் பத்திரங்களோடு வரவேண்டிய நாள். இரண்டாவது உடற்தகுதிப் பரீட்சை. முதலாளி சொன்னது இரண்டாவதை. தம்பி புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு இரண்டாவது நாளில் போனார்.

“வாசல்ல நிண்டவர் நல்ல மாதிரித்தான் கதைச்சவர். லிஸ்ட்ல பேர் இல்லை எண்டு காட்டினார். நான் திரும்பி வந்திட்டன்.”

பிறகு ஏன் தாளில் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டோம். திருப்பி அனுப்பினதை எழுத வெட்கமாக இருந்ததாம்.

அந்தக் கடிதம் எங்கள் கோப்பில் முதல் இணைப்பானது. சொல்லப்போனால் அதுதான் முழுக் கோப்பின் முதுகெலும்பு. அரசியலமைப்பின் மொழி பற்றிய நான்காம் அத்தியாயம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. அந்த உரிமை மீறப்பட்டது என்று பத்துப் பக்கம் கட்டுரை எழுதலாம். குழுவில் எவரும் படிக்கமாட்டார்கள். மடிப்பு விழுந்த ஒரு கடிதம், தபால் முத்திரை, இரண்டு திகதி, பக்கத்தில் பதிவுத் தபால் ரசீது. இதைப் படிக்க அரை நிமிடம் போதும்.

எங்கோ வெளியே இப்படி நடந்திருக்கிறதா என்று தேடினேன். பிரித்தானியாவில் 2012 முதல் தரைப்படை ஆட்சேர்ப்பைத் தனியார் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து நடத்தினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆள் குறைந்தது. இளைஞருக்கு ஆர்வமில்லை என்றுதான் வெளியில் பேச்சு. 2018 டிசம்பரில் அவர்களுடைய தேசியக் கணக்காய்வு அலுவலகம் நாள்களை எண்ணிப் பார்த்தது: 2017-18இல், விண்ணப்பம் போட்டதிலிருந்து அடிப்படைப் பயிற்சி தொடங்கும்வரை பாதிப்பேருக்கு 321 நாள் வரை பிடித்திருந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னால் பையன் வேறு வேலைக்குத்தான் போவான். இந்த ஒரு தகவலை மட்டும் கோப்பின் அடிக்குறிப்பில் போட்டோம். அதற்கு மேல் வெளிநாட்டு உதாரணம் வேண்டாம் என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். (பிரித்தானியப் படையில் பொதுநலவாயக்காரர் சேரலாம்தானே, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எங்களையே கேட்ட பையன்களும் உண்டு. அது வேறு கதை.)

அம்மா சொன்ன ஒரே வசனம்

கடிதத்தைப் படம் எடுக்கும்போது தம்பியின் அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தேநீர் தந்தார், உட்காரவில்லை. மகன் திரும்பி வந்தது பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா என்று டீச்சர் கேட்டார். “நல்லதாப் போச்சு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “காந்தி சிலையடியில நடந்தது உங்களுக்கும் தெரியும்தானே டீச்சர்” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

திருகோணமலையில் அதற்குமேல் சொல்லத் தேவையும் இல்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேர்மீது நடந்த வழக்கு 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று முடிந்து, அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியம் திரட்டும் வேலைக்கு இந்த ஊரில் இறங்குகிறவர் இந்த வரியைக் கடந்துதான் போக வேண்டும். நாங்கள் கையில் கொப்பியோடு ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, ‘சாட்சி சொன்னால் என்ன ஆகும், சொல்லி என்ன ஆனது’ என்ற இரண்டு கேள்வியும் எங்களுக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும்.

இதை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். அம்மா அந்தச் சம்பவத்தை நேரில் கண்டவர் அல்ல. எனவே சம்பவம் பற்றிய சாட்சியம் அவருடையது ஆகாது. ஆனால் தன் பிள்ளை படையில் சேராதது நல்லது என்று ஒரு தாய் நினைத்தார், காரணமாக இதைச் சொன்னார் என்பது அவருடைய நேரடிச் சாட்சியம். அப்படியே, அவர் வாயில் வந்த சொல்லிலேயே, இரண்டு வரி எழுதினோம். ‘தமிழ்ச் சமூகத்தில் நம்பிக்கையீனம் நிலவுகிறது’ என்று நான் எழுதிய வசனத்தை டீச்சர் சிவப்புப் பேனாவால் வெட்டினார். யார் சொன்னது, எங்கே நிலவுகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். நாற்பது வருடம் கட்டுரை திருத்திய கை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்கும் ஒரு சாட்சி கிடைத்தார். உவர்மலையில் ஒரு ஐயா, எண்பது தாண்டியவர். அறுபதுகளின் தொடக்கத்தில் கடற்படையில் சேர்ந்தவர். திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் கையளித்த பிறகு வந்த தலைமுறை. அப்போது கடற்படைத் தளபதி ஒரு தமிழர்: ராஜன் கதிர்காமர், 1960 முதல் 1970 வரை. தரைப்படைக்கு முதல் உள்நாட்டுத் தளபதியாக 1955இல் வந்த அன்ரன் முத்துக்குமாருவும் தமிழர்தான். 1962இல் தோற்றுப்போன சதிப்புரட்சி முயற்சிக்குப் பிறகு ஆள் எடுக்கும் போக்கே மாறியது. 2017இல் ட்ரவிஸ் சின்னையா கடற்படைத் தளபதியானபோது, கதிர்காமருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் தமிழர் அவர்; இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தார்.

ஐயா ஒரு பொலித்தீன் பையிலிருந்து தன் சேவைப் புத்தகத்தை எடுத்து, விரல் நடுங்க, கப்பல் கப்பலாகக் காட்டினார். எனக்கு அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் போட ஆசை. குழு இன்றைய நிலையைக் கேட்கிறது, ஐயா அன்றைய நிலையைச் சொல்கிறார், பின்னிணைப்பில்தான் இடம் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். சரி என்றேன். இப்போதும் அது தவறென்றே எனக்குப் படுகிறது.

கிளினிக் கொப்பி

சேராதவரைக் கண்டுபிடிப்பது சுலபம், விட்டுப் போனவர் கிடைப்பதுதான் கடினம். சொல்லாமல் விட்டு வந்தவர் சட்டத்துக்கு ஒளிந்திருப்பவர். கொப்பியோடு வரும் மூன்று பேரிடம் அவர் ஏன் வாய் திறக்க வேண்டும்? எங்களுக்கு உதவியது பொதுமன்னிப்பு. 2024 ஏப்ரல் 20 முதல் மே 20 வரை, விடுமுறையின்றிப் பணிக்கு வராத முப்படையினர் சட்டப்படி விலகிக்கொள்ள அரசாங்கம் வழி விட்டது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்படி விலகினார்கள். அதன் பிறகுதான் கந்தளாய்ப் பக்கத்தில் ஒருவர், கையில் விலகல் பத்திரம் வந்த துணிவில், எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார்.

அவர் சிங்களவர். முற்றத்தில் கதிரை போட்டுப் பேசினோம், நானா மொழிபெயர்த்தார். ஊரில் இப்படி வந்தவர்களைப் ‘பெனலா கியா’ என்பார்களாம், பாய்ந்து போய்விட்டான் என்று. நானா முதலில் அதைத் ‘தப்பியோடினேன்’ என்று தமிழாக்கினார். அவரே நிறுத்தி, “இல்ல, அவர் தன்னை அப்பிடிச் சொல்லல்ல, ஊர் சொல்றதைச் சொன்னார்” என்று திருத்தினார். அன்றிலிருந்து சிங்களச் சாட்சியங்களை இரண்டு நிரலாக எழுதினோம்: ஒரு பக்கம் அவர் சொன்ன சிங்களச் சொல், எதிரே தமிழ். ஒரு சொல்லில் ஓர் ஆளைக் குற்றவாளியாக்கிவிடலாம் என்பது அந்த முற்றத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஏன் விட்டீர்கள் என்று நான் பழைய பழக்கத்தில் கேட்டுத் தொலைத்துவிட்டேன். உடனே பதில் வந்தது: சம்பளம் போதாது. 2022இல் எல்லோருக்கும் போதவில்லை. பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோடு போட்ட தாளை எடுத்தார்.

வலப்பக்கம் நிரம்பத் தொடங்கியது. அவருடைய அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். மாதம் ஒரு முறை கிளினிக். திருகோணமலையில் வேலை செய்தவரை ஒரு நாள் லீவில் வந்து, அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு மறுநாள் திரும்பிவிடுவார். அதற்குச் சாட்சி அலமாரியிலிருந்து வந்தது: மூலை மடிந்த கிளினிக் கொப்பி. திகதி, திகதி, திகதி, எல்லாம் ஒழுங்காக. பக்கத்தில் அவருடைய சம்பளத் தாள்கள். அவற்றையும் தாளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதத்தில் தீவின் மறுகரைக்கு மாற்றம். அடுத்த கிளினிக் திகதிக்கு எதிரே கொப்பியில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததும் வெறுமை. மூன்றாவது வெறுமைக்குப் பிறகு லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. பென்சனுக்கு 22 வருடச் சேவை வேண்டும். அவருக்கு அதில் கொஞ்ச வருடம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பென்சனையும் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

சம்பளம் ஒரு காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கடன் கழிவு போகக் கையில் வந்த தொகையைச் சம்பளத் தாளில் பார்த்தேன், வயிறு கலங்கியது. ஆனால் அந்தக் கழிவு முந்தைய ஆண்டும் இருந்தது. அப்போது அவர் போகவில்லை. எதற்குப் பிறகு போனார் என்பதைக் கிளினிக் கொப்பி காட்டிவிட்டது. குழுவுக்கு இது பயன்படும். சம்பளத்தைக் கூட்ட திறைசேரியிடம் பணம் இல்லை என்று ஒரே வரியில் மூடிவிடலாம். மாற்றம் போடும்போது வீட்டு நோயாளியைக் கணக்கில் எடுத்தீர்களா என்ற கேள்வியை அப்படி மூட முடியாது.

போனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் கேட்டோம். பெரும்பாலும் மேசன் வேலை, ஹோட்டல் காவல், வெளிநாடு. அந்த மாதங்களில்தான் முன்னாள் படையினர் ரஷ்ய உக்ரைன் போருக்கு ஆசை காட்டி அனுப்பப்பட்ட செய்தி வெளிவந்துகொண்டிருந்தது. 554 இலங்கையர் ரஷ்யப் படைக்கு எடுக்கப்பட்டு 59 பேர் இறந்ததாக 2025 தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். கந்தளாய்க்காரருக்கும் ஒரு தரகரின் அழைப்பு வந்திருந்தது. அம்மாவால்தான் போகவில்லை என்றார்.

கோப்பும் பாதுகாப்பும்

சேவையில் இருப்பவரிடம் பேசுவதில்லை என்பது முதல் நாளே எடுத்த முடிவு. அனுமதியில்லாமல் அவர் பேசினால் தண்டனை அவருக்கு. எங்களுக்கு ஒன்றும் ஆகாது. தேநீர்க் கடையில் தானாக வந்து கொட்டியவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டோம், எழுதவில்லை.

அடுத்தது, ஊரில் பலருக்குத் தெரியாத ஒன்று. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டத்தின்படி, குழு முன் அழைக்கப்படும் சாட்சிக்கு நீதிமன்றச் சாட்சிக்குரிய உரிமைகள் உண்டு. ஆனால் அழைக்கப்பட்ட பிறகுதான். எங்கள் மேசை லாச்சிக்குள் கிடக்கும் கொப்பிக்கு அந்தக் குடை கிடையாது. அதனால் பெயர்கள் ஒரு கொப்பியில், சாட்சியங்கள் வேறொரு கொப்பியில், இரண்டும் வேறு வேறு வீட்டில். சாட்சியை எண்ணால் மட்டுமே குறித்தோம். எந்த நேரமும் விலகலாம் என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கொடுத்தோம்.

எண்ணிக்கைகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டோம். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் வந்தது. இன்னொன்று, 5ஆம் பிரிவின் தேசியப் பாதுகாப்பு விலக்கு என்று திரும்பியது. திரும்பிய கடிதத்தையும் இணைத்தோம். மறுப்பும் ஒரு சாட்சியம்தான்.

பந்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் அது நேரில் கண்டதா, ஆவணமா, கேள்விப்பட்டதா என்று ஒரு சொல்லில் குறித்தோம். கேள்விப்பட்டதை எல்லாம் கடைசியில் எடுத்துவிட்டோம். கோப்பு மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. ஆகஸ்டில் கொழும்புக்கு அனுப்பினோம்.

செப்டெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதோடு குழுக்களும் போயின. கோப்பு கேட்ட உறுப்பினர் நவம்பர் தேர்தலுக்குப் பிறகு சபையில் இல்லை.

புதிய சபையில் கொடுப்பதற்காக 2025இல் கோப்பைத் திரும்ப எடுத்தோம். சாட்சிகள் ஒவ்வொருவரிடமும் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாக நின்றார். உப்புவெளித் தம்பி இப்போது சவுதியில். வாட்ஸ்அப்பில் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பினார். கந்தளாய்க்காரர் சரி என்றார். உவர்மலை ஐயா, பின்னிணைப்பிலாவது வைத்திருக்கிறீர்களே என்று சிரித்தார். நான் இங்கே சொல்லாத ஒரு சாட்சி, எங்கள் மூவரின் கணக்கிலும் ஆகப் பலமான சாட்சி, வேண்டாம் என்றார். மகளுக்கு அரசாங்க வேலை ஒன்று சரிவரும் போல இருக்கிறதாம்.

அவருடைய பக்கங்களை அன்றிரவே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தோம். கோப்பில் இப்போது 11ஆம் பந்திக்கு அடுத்து 16ஆம் பந்தி வருகிறது. எண்களை மாற்றவில்லை.